ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்: சர்க்கரையும் மாலை நேரக் கோபமும்

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியான, அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விலையையும் துல்லியத்தையுமே பேசுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் அப்பாவுக்கு அதைப் பொருத்திப் பார்த்த பிறகு, இரத்தச் சர்க்கரைக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை ஒரு குடும்பமே கண்ணால் கண்டு புரிந்துகொள்ள இது பேருதவியாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

சுமார் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வில்லை அது. மேற்கையின் பின்புறம் ஒட்டிவிட்டால், தோலுக்குள் இறங்கும் மெல்லிய இழை 14 நாட்கள் வரை செல்களுக்கு இடையேயுள்ள திரவத்தின் சர்க்கரையை அளக்கிறது. கைபேசியை அருகில் கொண்டுசென்றால் அப்போதைய அளவும், கடந்த எட்டு மணி நேரத்தின் வரைகோடும், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும் திரையில் தெரியும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனையில் கிடைக்காதது அந்த அம்புக்குறிதான்.

மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு மாலையில் நடந்துவிட்டு வரும் நாட்களில், செருப்பைக் கழற்றும்போதே அப்பா சிடுசிடுப்பார். தொலைக்காட்சிச் சத்தம், வாசலில் நிற்கும் வண்டி என எல்லாமே குற்றமாகத் தெரியும். அந்த நேரத்தில் பார்த்தால் அளவு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 70-க்கு அருகில் இருக்கும், அம்பு கீழ்நோக்கி இருக்கும். சர்க்கரை இப்படி இறங்கும்போது அதை மீட்க உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுவதால், நிதானமும் பொறுமையும் இறக்கத்தில் முதலில் அடிபடுவதில் வியப்பில்லை. இப்போது அம்மா பதில் பேசாமல், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரை முதலில் கொடுக்கிறார். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்க்கிறோம்.

ஏற்றத்தின் முகம் வேறு. நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்ட காலையில் கோடு செங்குத்தாக ஏறும், அப்பா மந்தமாகிப் பேச்சைக் குறைத்துக்கொள்வார். இரண்டு இட்லியோடு கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்தால் அந்த ஏற்றம் நன்றாகத் தணிகிறது.

குறைகளும் உண்டு. சர்க்கரை வேகமாக மாறும்போது சென்சார் இரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். முதல் தலைமுறை லிப்ரே அபாய ஒலி எழுப்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில ஆயிரம் ரூபாய் என்பது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், மாத்திரையோ உணவு முறையோ மாறும் சமயத்தில் ஒரு சென்சார் போட்டுப் பார்ப்பதே போதும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அளவு 120-இல் நிலையாக இருக்கும்போதும் அப்பா கோபப்பட்டதுண்டு. அப்போது அவர் சொன்ன குறை நியாயமானதாகவே இருந்தது. ஒரு மனிதரின் பேச்சையெல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவது அவரை அவமதிப்பதாகும். செயலியிலேயே குறிப்பு எழுத வசதி இருப்பதால், உணவோடு மனநிலையையும் ஒரு வரி எழுதி வந்தோம். அந்தக் குறிப்புகளையும் கோட்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், மாத்திரையின் அளவைக் குறைத்து, மாலை நடைக்கு முன் சிறிது சுண்டல் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்.