கிரெனடாவில் ஒரு நாள் டாக்சி: ஐந்துக்கு நாலு

என் மகள் கிரெனடாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். பேராவூரணியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் ஸ்பெயின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு ஊர். இது கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே கிடக்கும் தீவு. மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியை விடச் சின்னது. ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். 2025 அக்டோபர் நடுவில் நானும் மனைவியும் போய் மூன்று வாரம் மகளோடு இருந்தோம். அப்போது எடுத்த ஒரு நாள் டாக்சி சுற்றுலா பற்றித்தான் இது. பிள்ளைகளைப் பார்க்க இந்தப் பக்கம் போகிற பெற்றோருக்கு உதவும்.

முதலில் கணக்கு. வண்டிக்கு 180 அமெரிக்க டாலர், ஏழு மணி நேரம், நாலு பேர் வரை போகலாம். அவர்கள் காசில் 486 கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-ல் கட்டி வைத்தது இன்றுவரை அசையவில்லை. மனக்கணக்குப் போட வசதி. மதியச் சாப்பாடு நம் செலவு. மகள் பேரம் பேசிப் பார்த்தாள், ஒரு டாலர் குறையவில்லை.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன டிரைவர் ஒன்பது நாற்பதுக்கு வந்தார். ஏசி இருக்கிறது என்று சொன்னார். இருந்தது, ஓடவில்லை.

கடற்கரை, அருவி, சாக்லேட் என்றுதான் அவர் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது. ஆனால் வண்டி கிளம்பி ஐந்து நிமிஷத்திலேயே அவர் காட்டப் போவது வேறு என்று புரிந்துவிட்டது. எந்தக் கட்டடத்தைக் கடந்தாலும் அதைக் கட்டித் தந்தது யார், எந்த வருஷம், பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு வைத்தார், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு நோட்டு இருக்கும். இந்த மனுஷன் பேசப் பேச, ஒரு நாட்டின் மொய் நோட்டை யாரோ புரட்டிக் காட்டுகிற மாதிரியே இருந்தது எனக்கு.

முதல் பக்கம் விமான நிலையம். மகளின் கல்லூரியும் விமான நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்தான். 1979 மார்ச் 13-ல், பிரதமர் எரிக் கெய்ரி நியூயார்க் போயிருந்த நேரம் பார்த்து, மாரிஸ் பிஷப்பும் கூட்டாளிகளும் ஆட்சியைப் பிடித்தார்கள். (இந்தக் கெய்ரிதான் ஐநா சபையில் பறக்கும் தட்டுகளை ஆராய வேண்டும் என்று பேசியவர். டிரைவர் இதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார், என் மனைவி முருகா என்றாள்.) பிஷப்புக்குப் பெரிய விமானம் இறங்குகிற ஓடுதளம் வேண்டும். கியூபா ஆட்களையும் இயந்திரங்களையும் அனுப்பியது. பிளெஸ்ஸி என்ற பிரிட்டிஷ் நிறுவனமும் அந்த வேலையில் இருந்தது. சுற்றுலாவுக்காக என்றார் பிஷப். 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் டிவியில் வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, விமானப்படையே இல்லாத நாட்டுக்கு இவ்வளவு நீள ஓடுதளம் எதற்கு என்று கேட்டார். அதே வருஷம் அக்டோபர் 25-ல் அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் குதித்தது அந்த ஓடுதளத்தின் மேலேதான். பிற்பாடு அமெரிக்கப் பணத்திலேயே மிச்ச வேலையை முடித்து 1984-ல் திறந்தார்கள். 2009-ல் அதற்கு மாரிஸ் பிஷப் பெயரை வைத்தார்கள். கியூபா தோண்டி, அமெரிக்கா முடித்து, அமெரிக்காவுக்குப் பிடிக்காதவர் பெயர்.

நாங்கள் போன மாதம் இன்னொரு சமாசாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே விமான நிலையத்தில் தற்காலிகமாக ஒரு ரேடார் வைத்துக்கொள்ளலாமா, கூடவே ஆட்களும் வருவார்கள் என்று அமெரிக்கா கேட்டிருந்தது. எதிரே வெனிசுவேலா. டீக்கடை மாதிரி எங்கே நாலு பேர் நின்றாலும் இதே பேச்சு. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று டிரைவரைக் கேட்டேன். "பாஸ், என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது கியூப டாக்டர். என் தங்கை டாலர் அனுப்புவது புரூக்ளினிலிருந்து. என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். இங்கே ஆஸ்பத்திரியில் கியூப டாக்டர்கள் வேலை பார்ப்பது வழக்கம். அந்தத் திட்டத்தில் சம்பந்தப்பட்டதாக கிரெனடா அரசு அதிகாரிகள் சிலருக்கு விசா கட்டுப்பாடு என்று ஆகஸ்டில்தான் அமெரிக்கா அறிவித்திருந்தது.

கேரனேஜ் என்கிற குதிரை லாட வடிவத் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினார். மேலே ஜார்ஜ் கோட்டை. என் மூட்டுக்கு அந்த ஏற்றம் ஒத்துவராது என்பதால் கீழே நின்றே கதை கேட்டோம். 1983 அக்டோபர் 19-ல் பிஷப்பையும் அவரோடு இருந்தவர்களையும் அந்தக் கோட்டைக்குள் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டது வெளிநாட்டான் இல்லை, சொந்தக் கட்சிக்குள் துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டின் பக்கம் நின்றவர்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. மகள் முன்பே ஒரு தடவை மேலே போய் அந்தச் சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். போனைத் துழாவி எடுத்து அவரிடம் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

ஆறு நாள் கழித்து அமெரிக்கா வந்தது. அப்போது அவருக்குப் பதினொரு வயசு. ஹெலிகாப்டர் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் ஆட்டுக்குட்டியோடு படுத்திருந்தாராம். அமெரிக்கா சொன்ன காரணங்களில் முக்கியமானது என் மகள் படிக்கும் இதே கல்லூரி: அப்போது சுமார் 600 அமெரிக்க மாணவர்கள் இங்கே இருந்தார்கள். வந்த வீரர்களுக்குக் கல்லூரிக்கு இன்னொரு வளாகம் இருப்பதே தெரியாதாம், ட்ரூ புளூ என்ற வளாகத்தில் இறங்கிய பிறகுதான் மாணவர்களே சொல்லித் தெரிந்திருக்கிறது. செத்துப்போன 19 அமெரிக்க வீரர்களுக்குக் கல்லூரி வளாகத்திலேயே நினைவுச் சின்னம் இருக்கிறது. தவறுதலாகக் குண்டு விழுந்து மனநல மருத்துவமனையில் செத்த நோயாளிகளும் உண்டு. அன்றைக்கு இந்த நாட்டின் தலைவர் சட்டப்படி இங்கிலாந்து ராணி. ராணியம்மா வீட்டுக்குள்ளே ராணியம்மாவுக்கே சொல்லாமல் நுழைந்துவிட்டார்கள் என்பது டிரைவரின் வாசகம். ஐநா பொதுச்சபையில் 108 நாடுகள் கண்டித்து ஓட்டுப் போட்டன, எதிர்த்து 9.

நான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ‘படையெடுப்பு’ என்றார். கோட்டைக்குக் கீழே ‘தலையீடு’ என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் ‘மீட்பு’ என்றார். மூன்றும் அதே அக்டோபர் 25 பற்றித்தான். புரட்சிக் காலத்தை மட்டும் எப்போதும் செல்லமாக ‘ரெவோ’ என்பார். அந்த ஊரில் அக்டோபர் 25 நன்றி நாள், அரசு விடுமுறை. 2023 முதல் அக்டோபர் 19-ம் தேசிய வீரர்கள் நாள் என்று விடுமுறை. ஒரே வாரத்தில் செத்தவருக்கும் ஒரு லீவு, வந்தவருக்கும் ஒரு லீவு. மகளுக்கு இரண்டிலும் சந்தோஷம்தான்.

சுற்றுலாவிலேயே எனக்குப் பிடித்த இடம் குயின்ஸ் பார்க் கிரிக்கெட் மைதானம். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, காவலாளி கேட்டோடு நிறுத்திவிட்டார். கதைதான் விருந்து. 1986 பிப்ரவரியில் ரீகன் வந்து இதே குயின்ஸ் பார்க்கில்தான் கூட்டத்தில் பேசினார். 1989-ல் கிரெனடா தைவானோடு உறவு வைத்துக்கொண்டது, சீனா உறவை முறித்தது. தைவான் கடன் கொடுத்தது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் தீவில் பத்து வீட்டுக்கு ஒன்பதைச் சேதப்படுத்திவிட்டுப் போனது. 2007-ல் உலகக் கோப்பை, மைதானமோ இல்லை. 2005 ஜனவரியில் கிரெனடா சீனா பக்கம் திரும்பியது. சீனா ஆட்களை அனுப்பி, சுமார் 4 கோடி டாலரில் மைதானத்தைக் கட்டிக் கொடுத்தது. 2007 பிப்ரவரியில் திறப்பு விழா. சீனத் தூதர் மேடையில். போலீஸ் பேண்டு வாத்தியம் நிமிர்ந்து நின்று வாசித்தது, தைவானின் தேசிய கீதத்தை! பிரதமர் கீத் மிட்செல் மன்னிப்புக் கேட்டார். கல்யாண வீட்டில் மாமனார் பெயருக்குப் பதில் பங்காளிச் சண்டைக்காரன் பெயரை மைக்கில் வாசித்தால் எப்படி இருக்கும்!

தைவான் சும்மா விடவில்லை. அவர்களுடைய ஏற்றுமதி இறக்குமதி வங்கி நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியது. 2011-ல், விமான நிறுவனங்களும் உல்லாசக் கப்பல்களும் கிரெனடாவுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தையே மடக்கப் பார்த்தார்கள். ஜப்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒரு நாட்டின் வாசலில் வந்து வசூலை நிறுத்துகிற ஜப்தியை நான் பார்த்ததில்லை. கடைசியில் பாதிக் கடனைத் தள்ளிக் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். இதில் என்னை அசத்தியது வேறு. 2015-ல் மற்றக் கடன்காரர்களோடு பத்திரத்தைத் திருத்தி எழுதும்போது, பெரிய புயல் வந்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1-ல் பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கேரியகூ தீவைத் துடைத்துப் போட்டது. அந்தப் பிரிவைக் காட்டி உடனே தவணையைத் தள்ளினார்கள். வறட்சி வந்தால் நாங்கள் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவோம். அதற்கே கலெக்டர் அறிக்கை, அரசாணை, மேலிடத்து ஒப்புதல் என்று ஒரு போகம் ஓடிவிடும். இங்கே பத்திரத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இதை டிரைவரிடம் விளக்கப் பார்த்தேன். "பாஸ், என் வீட்டுக் கூரைக்கு அந்தப் பிரிவு உண்டா?" என்று கேட்டுவிட்டு கியரை மாற்றினார்.

கிராண்ட் எட்டாங் ஏரி, எரிமலை வாய். மழை, பனி, ஒன்றும் தெரியவில்லை. அங்கே திரிகிற மோனா குரங்குகூட மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனமாம். பத்து நிமிஷம் போதும்.

கிரென்வில் என்ற ஊரில் ரொட்டி சாப்பிட்டோம். உள்ளே கோழியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்தது, மசாலா நம் வாசனைதான், காரம் கேட்டு வாங்க வேண்டும். 1857 மே 1-ல் மெய்ட்ஸ்டன் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்களுடைய வாரிசுகள் இன்று இங்கே சிறு எண்ணிக்கைதான், ஆனால் ரொட்டி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. "இந்தியா எங்களுக்கு என்ன கட்டித் தந்தது?" என்று டிரைவர் கேட்டார். 2024 நவம்பரில் கயானாவில் நடந்த மாநாட்டில் இவர்கள் பிரதமர் டிக்கன் மிட்செலும் மோடியும் சேர்ந்து தலைமை வகித்ததைச் சொன்னேன். "கட்டடம் எங்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் ரொட்டிக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

பேர்ல்ஸ் பழைய விமான நிலையம் துண்டுச்சீட்டில் இல்லை. கேட்டால் கூடுதல் காசு இல்லாமல் கூட்டிப் போகிறார், விடாதீர்கள். புல்லுக்குள் இரண்டு சோவியத் விமானங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, ஒன்று கியூபாவின் விமான நிறுவனத்துடையது. 1983-லிருந்து அப்படியே. இறக்கைக்குக் கீழே மாடு கட்டியிருந்தது. ஓடுதளத்தில் ஒரு பையன் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். என் மனைவி அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். முழுச் சுற்றுலாவிலும் அவள் இறங்கி நடந்தது அங்கே மட்டும்தான்.

திரும்பும் வழியில் ஒரு சாக்லேட் கடை. அங்கே முக்கால் மணி நேரம் வீண். டிரைவருக்கு அங்கே கமிஷன் என்று நினைக்கிறேன், நமக்கு வாங்கினால்தான் மரியாதை. ஜாதிபத்திரி மட்டும் வாங்கினோம், அதையும் மறுநாள் சந்தையில் பாதி விலைக்குப் பார்த்தோம். அருவிக்கு நேரம் இல்லாமல் போனது இதனால்தான். அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன், ஏசிக்காக இல்லை.

நடக்க முடிந்தவர்கள் ஜார்ஜ் கோட்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த டிரைவர் வேண்டாம், அவருக்குப் பேச்சு நிற்காது. சில்லறையாக உள்ளூர் டாலர் கையில் இருக்கட்டும். பின்சீட்டில் இடப்பக்கம் மட்டும் உட்காராதீர்கள், அந்த ஜன்னல் இறங்காது.