அஞ்சல்தலை அளவில் ஒரு கோல்ஜி

ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஜேசிபியை இன்னும் படிக்கிறீர்களா? எங்கள் பேப்பரை அங்கே அனுப்பலாமா?" மண் அள்ளும் வண்டி இல்லை, 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' என்ற செல் உயிரியல் ஆய்விதழ். இம்பாக்ட் ஃபேக்டர் (அதன் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) எவ்வளவு, எத்தனை வாரத்தில் பதில் வரும் என்பதையெல்லாம் அவரே தேடிப் பார்த்துவிட்டார். பல வருட வாசகனாக நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: படங்கள்.

இந்த இதழ் பிறந்ததே படத்துக்காக என்று சொல்லலாம். 1955-ல் ராக்ஃபெல்லர் கழகத்திலிருந்து வரத் தொடங்கியபோது அதன் பெயர் 'ஜர்னல் ஆஃப் பயோஃபிசிக்கல் அண்ட் பயோகெமிக்கல் சைட்டாலஜி'. நல்லவேளை, 1962-ல் பெயரைச் சுருக்கினார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் செல்லின் உட்புறத்தை அப்போதுதான் காட்டத் தொடங்கியிருந்தது. எடுத்த படங்களைத் தரமாக அச்சிட ஓர் இடம் தேவைப்பட்டது. பின்னாளில் ரைபோசோம் என்று பெயர் பெற்ற, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் துகள்களை செல் உயிரியலாளர் ஜார்ஜ் பலாடே விவரித்தது அந்த முதல் ஆண்டிலேயே, இங்கேதான். 1963-ல் அவரும் மேரிலின் ஃபார்குவாரும், உடலின் பரப்புகளை மூடியிருக்கும் எபிதீலியச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்று திறந்தாலும் சீக்கிரம் மூட மனம் வராது. படங்கள் அவ்வளவு பெரியவை. இரண்டு செல்களின் சவ்வுகள் எங்கே தனித்தனியாக ஓடுகின்றன, எங்கே சேர்கின்றன என்று விரல் வைத்துப் பின்தொடரலாம். கட்டுரையாளர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழைய இதழ்கள் எல்லாம் இணையத்தில் இலவசம் என்பது தனி சந்தோஷம்.

படத்தின் மேல் இருந்த அந்த மரியாதை ஃபோட்டோஷாப் காலத்திலும் போகவில்லை. 2002 முதல், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை வெளியிடும் முன்பே ஒட்டுவேலை உண்டா என்று சோதிக்கிறார்கள். விதிகள் எளிமையானவை. வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுவதற்கும் கூட்ட வேண்டும். புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு பட்டையை மட்டும் அழுத்திக் காட்டக் கூடாது, அழிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. வெவ்வேறு ஜெல்களை வெட்டிச் சேர்த்தால் அது தெரியும்படி கோடு போட வேண்டும். இன்று இதெல்லாம் எல்லா இடத்திலும் சொல்வதுதான். ஆனால் மற்றவர்கள் யோசிப்பதற்கு முன்பே ஆள் வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். பலன் என்ன? 2016-ல், ஆய்வுப் படங்களில் கோளாறு கண்டுபிடிக்கும் எலிசபெத் பிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை அலசினார்கள். மொத்தத்தில் 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது போன்ற கோளாறுகள். ஜேசிபியில் அது 0.3 சதவீதம். பட்டியலிலேயே மிகக் குறைவு அதுதான்.

அதனால் அனுப்பலாமா என்ற கேள்விக்குப் பதில், தாராளமாக அனுப்புங்கள். மூலப் படங்களை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக வைத்திருக்காவிட்டால் எங்கேயும் அனுப்பாதீர்கள்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இவ்வளவு பாடுபட்டுக் காக்கிற படம், கட்டுரையில் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு ஃபிகரைத் திறந்தால் ஏ, பி, சி என்று தொடங்கி எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, எழுத்துக்கு ஒரு பேனல், அதாவது ஒரு குட்டிப் படம். மூலையில் ஒரு கோல்ஜி (செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் உள்ளுறுப்பு), அதற்குள் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய துண்டு, அதில் அம்புக்குறி, பக்கத்தில் நான்கு கிராஃப். அளவைக் காட்டும் கோடான ஸ்கேல் பார் எத்தனை மைக்ரான் என்று அறியப் படக்குறிப்பில் பாதி தூரம் போக வேண்டும். "திரையில் பெரிதாக்கிப் பாருங்களேன்" என்பார்கள். பெரிதாக்கினால் பிக்சல்தான் பெரிதாகிறது.

இது இந்த ஒரு இதழின் நோய் அல்ல. 2015-ல் ரான் வேல் என்ற செல் உயிரியலாளர் ஓர் ஒப்பீடு செய்தார். 1984-ல் வந்த கட்டுரைகளையும் 2014-ல் வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேனல்களின் எண்ணிக்கை இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியிருந்தது. 'செல்', 'நேச்சர்' இரண்டோடு ஜேசிபியும் அந்தக் கணக்கில் உண்டு. ஒரு கட்டுரைக்குள் முன்பு இரண்டு கட்டுரைக்குப் போதுமான தரவு அடைபடுகிறது. காரணம் கட்டுரை எழுதுபவர்களின் ஆசை மட்டுமல்ல, இதழுக்காக அதை மதிப்பிடும் ரிவ்யூவர்களும்தான். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு இதழில் எங்கள் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒவ்வொரு வரியும் ஒரு புதிய பேனலாக முடிந்தது. கடைசியில் எங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒரே படம், சப்ளிமென்ட் என்ற பின்னிணைப்புக்குப் போய்விட்டது.

நியாயமாகப் பேசினால், கிராஃப் வந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. பெரிய அழகான படம் ஒரு செல்லின் படம்தான். நூறு செல்களில் எது கண்ணுக்கு இதமாக இருந்ததோ அதை எடுத்துப் போட்டு 'பிரதிநிதிப் படம்' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? எண்ணிக் காட்டத்தான் வேண்டும். எண்ணுவதிலும் செல் உயிரியலாளர்கள் செய்யும் தில்லுமுல்லு ஒன்று உண்டு. மூன்று தடவை சோதனை செய்து, தடவைக்கு நூறு செல் அளந்து, n (மாதிரிகளின் எண்ணிக்கை) = 300 என்று எழுதுவது. அப்படிச் செய்தால் எந்தச் சின்ன வித்தியாசமும் தற்செயல் அல்ல என்று காட்டும் பிரமாதமான பி மதிப்போடு வெளியே வரும். உண்மையில் n என்பது மூன்றுதான். இதை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு சோதனையின் புள்ளிகளுக்கும் தனி நிறம் கொடுத்து, அவற்றின் சராசரியை மேலே பெரிய புள்ளியாக வைக்கும் 'சூப்பர்பிளாட்' முறையை 2020-ல் முன்வைத்த கட்டுரை வெளிவந்ததும் ஜேசிபியில்தான். அதற்கு முன்பே, 2007-ல், கிராஃபில் அளவீட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எரர் பார் என்றால் என்ன என்று பாடம் எடுத்த கட்டுரையும் இங்கேதான். ஆக, எனக்கு எரிச்சல் தரும் கிராஃபை நேர்மையாகப் போடக் கற்றுக்கொடுத்ததும் இதே இதழ். கோபப்படுவதா நன்றி சொல்வதா என்றே தெரியவில்லை.

ஆய்வுப் பொருள் மாறியிருப்பதும் இதில் சேரும். ஆரம்பத்தில் செல்லின் உள்ளுறுப்புகளின் உருவம். அப்புறம் செல்லின் எலும்புக்கூடு, புரதங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற ஆய்வுகள். 1990-களில் பச்சை ஒளிர்புரதம் வந்ததும் உயிருள்ள செல்லையே ஓடவிட்டுப் பார்த்தார்கள். இப்போது ஆட்டோஃபேஜி (செல் தன் பாகங்களையே தின்று செரிப்பது), உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள், சவ்வே இல்லாமல் துளியாகத் திரளும் புரதங்கள். இவை பெரும்பாலும் நகர்பவை, சேர்ந்து பிரிபவை. அச்சுப் பக்கத்துக்கு அடங்காதவை. வீடியோ வேண்டும், மூலக் கோப்பு வேண்டும்.

அதையும் இவர்கள் யோசிக்காமல் இல்லை. 2008-ல் 'டேட்டா வியூவர்' என்று ஒன்றைத் திறந்தார்கள். மைக்ராஸ்கோப்பிலிருந்து வந்த கோப்பையே உலாவியில் புரட்டிப் பார்க்கலாம், நிற அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். என் குறை முழுவதற்கும் அதுதான் மருந்து. ஆனால் பின்னர் அது மூடப்பட்டுவிட்டது. இப்போது 2019-ல் தொடங்கிய 'பயோஇமேஜ் ஆர்க்கைவ்' போன்ற பொதுக் களஞ்சியங்கள் இருக்கின்றன. ஆனால் பல கட்டுரைகளின் கடைசியில் இன்னும் 'கேட்டால் தருகிறோம்' என்ற வரிதான். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத்தான் இருக்கும்: புதிய இதழை நான் முழுதாகப் படிப்பதை விட்டுவிட்டேன். சூடான செய்திக்கு, இதழில் மதிப்பிடப்படும் முன்பே இணையத்தில் வரும் பிரீபிரின்ட் போதும். ஜேசிபியின் அறிவிப்பு வந்தால் தலைப்புகளை ஓட்டிவிட்டு, புதிய முறைகளைச் சொல்லும் 'டூல்ஸ்' கட்டுரைகளை மட்டும் திறக்கிறேன். மற்றபடி 1960-களின் இதழ்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.