இரும்பாலையா, ஏரியா, கொலுசுப் பட்டறையா? குவாண்டம் படிக்க மூன்று வாசல்கள்

பரீட்சை முடிந்த மறுநாள் காலையிலேயே அண்ணன் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிளஸ் ஒன் எழுதியிருக்கிறாள். ஜூன் வந்தால் பிளஸ் டூ. "அத்தை, குவாண்டம்னா என்னன்னு யூடியூப்ல ஏழெட்டு வீடியோ பார்த்துட்டேன். ஒருத்தர் உலையில ஆரம்பிக்கிறார், ஒருத்தர் அலையில ஆரம்பிக்கிறார், இன்னொருத்தர் காந்தத்துல ஆரம்பிக்கிறார். மிச்சப் பேரெல்லாம் பூனை. நான் எதுல ஆரம்பிக்கட்டும்?"

பூனையை முதலிலேயே கழித்துவிட்டேன். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935-இல் அந்தக் கற்பனைப் பூனையைப் பெட்டிக்குள் வைத்தது, அணு அளவிலான உலகத்தின் இயற்பியலான குவாண்டத்தைக் கற்றுக்கொடுப்பதற்காக அல்ல. அணுவுக்குச் சொல்வதை அப்படியே பூனைக்கும் நீட்டினால், அது ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கும் என்று எவ்வளவு அபத்தமாகப் போகும் பாருங்கள் என்று குத்திக்காட்டத்தான். அதில் ஆரம்பிப்பது, அடுத்த வீட்டுச் சண்டையைப் பாதியிலிருந்து கேட்பது மாதிரி.

மிச்சம் மூன்று. நான் வீட்டில் டியூஷன் எடுப்பவள். மூன்று வழியிலும் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் உதாரணம் தேடிச் சேலத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

இரும்பு வாசல்

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் நுழைகின்றன. இரும்பைக் காய்ச்சினால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இருட்டில் மங்கலாகச் சிவக்கும். இன்னும் ஏற்றினால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். நம் இரும்பாலையில் உருளைகளுக்கு நடுவே ஓடும் தகடானாலும் கொல்லர் பட்டறைத் துண்டானாலும் இதே வரிசைதான். உலையின் உட்புறம் எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும், சூடு ஒன்றென்றால் உள்ளே தெரியும் ஒளியும் ஒன்று. ஏன் அப்படி என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டின் இயற்பியலிடம் சரியான கணக்கு இல்லை. இருந்த கணக்கின்படி உலைக் கதவைத் திறந்தால் புற ஊதாக் கதிர் அளவில்லாமல் கொட்ட வேண்டும். கொட்டுவதில்லை என்று உலைக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

மாக்ஸ் பிளாங்க் 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் ஒரு வழி சொன்னார். ஆற்றல் தண்ணீர் மாதிரி எந்த அளவிலும் ஒழுகி வராது, பொட்டலமாகத்தான் வரும். ஒரு பொட்டலத்தின் அளவு, ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பது. அந்த மாறிலி எவ்வளவு சின்னது என்றால், ஜூல்-வினாடிக் கணக்கில் புள்ளிக்கு அப்புறம் 33 பூஜ்யம் போட்டு 6626 என்று எழுத வேண்டும். புற ஊதாவின் அதிர்வெண் அதிகம், அதனால் பொட்டலமும் பெரிது. கையில் இருபது ரூபாய் வைத்திருப்பவர், ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்த சாமானே இல்லாத கடைக்குள் போனால் என்ன வாங்குவார்? சாதாரண உலையும் அப்படித்தான், புற ஊதாப் பக்கம் வெறுங்கையோடு திரும்பும்.

ஐன்ஸ்டீன் 1905-இல் ஒளியே பொட்டலம்தான் என்று ஒரு படி மேலே போனார். 1924-இல் டாக்காவில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் விதியை ஒளித்துகள்களை எண்ணும் முறையிலேயே புதிதாகக் கொண்டுவந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாசலில் நுழைய வெப்பவியலும் புள்ளியியலும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளை என்ன செய்யும்? சூத்திரத்தை மனப்பாடம் பண்ணும். நான் படித்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் பலகையில் அந்தச் சூத்திரத்தை எழுதி, சுற்றிக் கட்டம் கட்டி, "அஞ்சு மார்க்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பொட்டலம் எதற்கு என்று எனக்குப் புரிய இன்னும் நாலு வருஷம் ஆனது. இதில் இன்னொரு குறையும் உண்டு. ஆற்றல் பொட்டலமாக வருகிறது என்பது மட்டும்தான் இங்கே கிடைக்கிறது. குவாண்டத்தின் நிஜமான கிறுக்குத்தனம் இன்னும் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஏரி வாசல்

ஏற்காடு ஏரியில் காலை வேளையில், கூட்டம் ஏறி வருவதற்கு முன், தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும். இரண்டு மிதிபடகுகள் இரண்டு பக்கமிருந்து கிளம்பினால் அலைகள் நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்வதைக் கரையில் நின்றே பார்க்கலாம். மேடும் மேடும் சேரும் இடத்தில் தண்ணீர் கூடுதலாக எழும்புகிறது; மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி சமமாக இருக்கிறது. இதுதான் குறுக்கீட்டு விளைவு. இரண்டு சின்னப் பிளவு வழியாக ஒளியை விட்டால் திரையில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடு விழுவது இதனால்தான்.

அடுத்தது எலக்ட்ரான். அதுவும் அதே கோடுகளைப் போடுகிறது. ஒவ்வொன்றாக, ஒன்று போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது என்று அனுப்பினாலும் போடுகிறது. 1989-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் தோனோமுரா குழு இதைப் படமாகவே எடுத்துக் காட்டியது. முதலில் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி. பத்து, நூறு வரைக்கும் கோலப்பொடி சிதறின மாதிரி. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் வரிவரியாகக் கோடு தெரிகிறது. ஒவ்வொரு புள்ளியும் முழு எலக்ட்ரான். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள ஆள் இல்லை. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க ஏதாவது ஏற்பாடு செய்தால், கோடுகள் கலைந்துவிடும்.

மூன்றில் கண்ணுக்கு அழகான வாசல் இதுதான். கூடவே ஒரு குடும்பக் கதையும் வரும். எலக்ட்ரானைத் துகளாகக் காட்டிய ஜே.ஜே. தாம்சனுக்கு 1906-இல் நோபல். அது அலையாகவும் நடக்கிறது என்று காட்டியதற்காக 1937-இல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் அவர் மகன் ஜி.பி. தாம்சன். அப்பாவும் சரி, மகனும் சரி.

பொருளுக்கு அலைநீளம் உண்டென்றால் மாம்பழம் ஏன் அலை மாதிரி வளைவதில்லை என்று அண்ணன் மகள் கேட்டாள். போட்டுப் பார்த்தோம். 250 கிராம் மாம்பழத்தை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால், பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் 1924-இல் சொன்ன கணக்குப்படி அலைநீளம் ஒரு மீட்டரில் 10-இன் அடுக்கு மைனஸ் 34 சுமாருக்கு வரும். அணுக்கருவைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் சின்னது. 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்கோ 0.12 நானோமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அணுவின் அகலம். அதனால்தான் எலக்ட்ரான் படிகத்தில் மோதும்போது அலையாகத் தெரிகிறது, மாம்பழம் சுவரில் மோதினால் கூழாகத்தான் தெரிகிறது.

இத்தனை இருந்தும் இந்த வாசலில் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஏரியில் ஆடுவது தண்ணீர். இங்கே ஆடுவது என்ன? மாக்ஸ் பார்ன் 1926-இல் சொன்ன விடை: ஆடுவது பொருளே அல்ல, எங்கே அகப்படும் என்கிற வாய்ப்பைத் தரும் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கூட்டலும் உண்டு, கழித்தலும் உண்டு. இரண்டு வழிக்குமான எண்களைச் சேர்த்து, அப்புறம் வர்க்கப்படுத்தினால் வாய்ப்பு. ஏரியைக் காட்டி ஆரம்பித்த பிள்ளையின் மனதிலிருந்து தண்ணீரை வடிப்பது லேசில்லை. பத்தில் எட்டுப் பேர் "எலக்ட்ரான் ரெண்டா உடைஞ்சு ரெண்டு ஓட்டையிலயும் போகுது மிஸ்" என்றே பரீட்சையில் எழுதிவிட்டு வருகிறார்கள்.

வெள்ளி வாசல்

என் ஓட்டு இதற்குத்தான். அண்ணனுக்குச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை இருப்பதால் சொல்லவில்லை. ஆனால் அதுவும் உதவியது.

1922 பிப்ரவரியில், ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில், ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் செய்த சோதனை. போர் முடிந்து பணவீக்கத்தில் நாடு தத்தளித்த காலம். செலவுக்குப் பணம் சேர்க்க மாக்ஸ் பார்ன் சார்பியல் பற்றிக் கட்டணம் வைத்து உரையாற்றினார். சோதனை இதுதான். ஒரு சின்ன உலையில் வெள்ளியைச் சுமார் 1000 டிகிரிக்குக் காய்ச்சி ஆவியாக்கி, வெற்றிடத்தில் மெல்லிய கற்றையாக விட வேண்டும். வெள்ளி உருகுவதே 962 டிகிரியில் என்பது பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிதல்ல. அந்தக் கற்றையை ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுக் குறைந்தும் இருக்கிற காந்தத்தின் நடுவே செலுத்தி, எதிரில் வைத்த கண்ணாடியில் எங்கே படிகிறது என்று பார்க்க வேண்டும்.

வெள்ளி அணுவில் 47 எலக்ட்ரான். 46-இன் காந்த விளைவு ஒன்றையொன்று தீர்த்துவிடும். மிஞ்சிய ஒன்றுதான் அணுவை ஒரு குட்டிக் காந்தமாக்குகிறது. உலையிலிருந்து வரும் குட்டிக் காந்தங்கள் எந்தத் திசையிலும் சாய்ந்திருக்கலாம் என்பதால், கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை இழுவினாற்போல ஒரே பட்டை விழும் என்றுதான் பழைய இயற்பியல் சொல்லும்.

முதலில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லையாம். படிந்த வெள்ளி அவ்வளவு மெல்லியது. ஸ்டெர்ன் பின்னாளில் சொன்ன கதைப்படி, அவர் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்க்க, அவர் பிடித்துக்கொண்டிருந்த மலிவான சுருட்டின் கந்தகப் புகை பட்டு, வெள்ளி மெதுவாகக் கறுத்து மேலே வந்தது. இதைச் சொன்னதும் அண்ணன் மகள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கொலுசின் முத்துகளுக்கு நடுவே கறுப்பு அடைந்திருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்க்கிறோமே, அதே வெள்ளி சல்ஃபைடுதான்.

கறுத்த தடம் ஒரே பட்டையாக இல்லை. நடுவில் இடைவெளி விட்டு, உதடு பிரிந்த மாதிரி இரண்டு. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் நடுவில் சாய்ந்த அணு என்று ஒன்றுகூட இல்லை. மேல், இல்லாவிட்டால் கீழ். ஸ்டெர்னும் கெர்லாக்கும் இதை நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் பழைய அணு மாதிரிக்குக் கிடைத்த சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரானுக்கே தற்சுழற்சி என்று ஒன்று உண்டு என்கிற யோசனை 1925-இல்தான் வந்தது. விடை சரி, காரணம் தப்பு. நம் பரீட்சையில் பாதி மார்க்தான் கிடைத்திருக்கும். இன்னொன்று: பெயர் சுழற்சியே தவிர எலக்ட்ரான் பம்பரம் மாதிரி சுற்றுவதாக நினைக்கக் கூடாது.

இனிமேல்தான் விஷயம். காந்தங்களை வரிசையாக அடுக்குவதாகக் காகிதத்தில் வரைந்தோம். முதல் காந்தத்தில் மேலே போன அணுக்களை மட்டும் எடுத்து இன்னொரு மேல்-கீழ் காந்தத்தில் விட்டால், எல்லாம் மேலேதான் போகும். சரி, நம்பலாம். அதே அணுக்களை இடது-வலதாகத் திருப்பி வைத்த காந்தத்தில் விட்டால்? பாதி இடது, பாதி வலது. எந்த அணு எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. வலது போனதை மட்டும் பொறுக்கி மறுபடி மேல்-கீழ் காந்தத்தில் விடுவோம்.

"எல்லாம் மேலதான். முதல்லயே கீழ போனதைத் தள்ளிட்டோமே" என்றாள்.

இல்லை. பாதி மேலே, பாதி கீழே. சலித்த மாவில் கப்பி திரும்ப வந்துவிட்டது. இடது-வலது கேள்வியைக் கேட்டதுமே மேல்-கீழுக்கான பழைய பதில் அழிந்துபோகிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் வைத்திருக்கும் அணுவே கிடையாது. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று ஹைசன்பர்க் 1927-இல் சொன்னதற்கு இது தம்பி.

"நமக்குத் தெரியலைங்கிறதுதானே அத்தை, அணுவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" நல்ல கேள்வி. இடது, வலது இரண்டு கற்றையையும் எது எந்த வழி என்று பார்க்காமலே பக்குவமாகச் சேர்த்து மேல்-கீழ் காந்தத்தில் விட்டால், எல்லாம் மறுபடி மேலே போகும். ஒவ்வொன்றும் ஏற்கெனவே இடதாகவோ வலதாகவோ இருந்திருந்தால் பாதி கீழே போயிருக்க வேண்டும். ஆக 'மேல்' என்பதே இடதும் வலதும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் சேர்ந்த நிலை. மேற்பொருந்தல் என்று பெரிய பெயர். ஏரியில் பார்த்த அதே குறுக்கீடு, இங்கே தண்ணீர் இல்லாமல் வருகிறது. கணக்குக்கும் இரண்டு எண் போதும். குவாண்டம் கணினிக்காரர்கள் பேசும் கியூபிட்டும் இப்படி இரண்டே பதில் உள்ள பொருள்தான். 2023-இல் மத்திய அரசு 6003 கோடி ரூபாய் ஒதுக்கிய தேசிய குவாண்டம் திட்டத்தில் நாளைக்கு வேலைக்குப் போக நினைப்பவள் இந்தப் பாஷையைத்தான் முதலில் பழக வேண்டும்.

இதற்கும் ஒரு குறை: வீட்டில் செய்து பார்க்க முடியாது. வெற்றிடத்துக்கு எங்கே போவது? ஆனால் ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் ஆடுகிறது என்பது, இதே கணக்குக்குக் கட்டுப்படுகிறது. போலராய்டு கண்ணாடி ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துவிட்டு, அண்ணனின் போலராய்டு கூலிங்கிளாஸை அதன் முன் மெதுவாகச் சுழற்றினோம். ஓரிடத்தில் திரை கறுத்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு, உடைந்த இன்னொரு போலராய்டு கண்ணாடியின் வில்லையைத் திரைக்கும் கூலிங்கிளாஸுக்கும் நடுவே சாய்வாக நுழைத்தாள். தடுப்புக் கூடினால் இருட்டும் கூடத்தானே வேண்டும்? வில்லை இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது. 45 டிகிரிச் சாய்வில் கணக்குப்படி கால் பங்கு வரும். நடுவில் ஒரு கேள்வி கேட்டதால் பழைய பதில் அழிந்த கதைதான். வில்லையை எடுப்பதும் வைப்பதுமாகப் பத்துத் தடவை செய்தாள். கூலிங்கிளாஸைத் தேடி அண்ணன் போன் பண்ணும் வரை விடவில்லை.

ஆக, என் வரிசை இது. குவாண்டம் என்றால் என்ன என்று புரிய வேண்டும் என்பவர்கள் வெள்ளியில் ஆரம்பியுங்கள். கணக்கு பயம், ஆனால் ஆச்சரியம் வேண்டும் என்பவர்களுக்கு ஏரி. திரும்பி வரும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தால் சரி. இரும்பு, வரலாறு பிடித்தவர்களுக்கும், வெப்பவியலை ஏற்கெனவே முடித்தவர்களுக்கும். அண்ணன் மகளுக்கு மே மாதம் முழுக்க வெள்ளி, அப்புறம் ஏரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொதுத்தேர்வில் மார்க் என்னவோ பொட்டலத்துக்கும், ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவுக்கும்தான். அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் இரும்பு வாசலுக்குள்ளும் ஒருமுறை போயே ஆக வேண்டும் என்று கீழே அடிக்கோடு போட்டும் கொடுத்தேன்.