ஏஜென்சியா, ஆன்லைன் தளமா, நேரடி வாடிக்கையாளரா? வடசென்னை ஐ.டி. ஃப்ரீலான்சருக்கு ஓர் ஒப்பீடு

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஐ.டி. துறையில் சொந்தமாகத் தொழில் செய்யத் துணியும் வடசென்னைக்காரருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி மூலம் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் அமர்வது ஒன்று. அப்வொர்க் போன்ற தளங்களில் வெளிநாட்டு வேலைகளைப் பிடிப்பது மற்றொன்று. பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், மணலி வட்டாரத்து வணிகர்களிடம் நேரடியாக வேலை எடுப்பது மூன்றாவது. எது நல்லது என்று கேட்பவர்களில் பலர் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். பணம் எப்போது கைக்கு வரும், வேலை தருபவரோடு உள்ள உறவு யாருடைய சொத்து, இந்த வேலை முடிந்தால் அடுத்தது எங்கிருந்து வரும் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் விடை மாறும் என்பதே என் கணிப்பு.

ஏஜென்சி வழியில் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ வேலை ஓடும். மாதம் பிறந்தால் பணம் வரும். நிறுவனம் பணம் தந்த பிறகுதான் ஒப்பந்தக்காரருக்குத் தரப்படும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிட வேண்டும்; இருந்தால் மாதச் சம்பளம் போன்ற அந்த நிம்மதி அங்கேயே போய்விடும். நிறுவனத்திடம் ஏஜென்சி என்ன தொகை வாங்குகிறது என்பது பெரும்பாலும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. வேலை முடிந்த பின்னும் குறிப்பிட்ட காலம்வரை அதே நிறுவனத்திடம் நேரடியாக வேலை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு என்பதால், இரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த நற்பெயர்கூட ஏஜென்சியின் கணக்கில்தான் சேருகிறது.

இதோடு பயணமும் இருக்கிறது. இத்தகைய வேலைகளில் பெரும்பகுதி தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகரத்தின் மறுகோடியில் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால் திருவொற்றியூர்க்காரர் சென்ட்ரலுக்குப் போவது எளிதாகிவிட்டது. அதற்குத் தெற்கே பறக்கும் ரயில், பேருந்து, ஷேர் ஆட்டோ என்ற பழைய பாடுதான். எட்டு மணி நேர வேலைக்குப் போய்வர மூன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், பேசிய மணிநேரக் கட்டணத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் சாலையிலேயே கரைந்துவிட்டது என்று பொருள். வீட்டிலிருந்தே பார்க்கும் ஒப்பந்தம் கிடைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆன்லைன் தளங்களில் டாலர் வரும், பயணம் கிடையாது. அதற்கு ஈடாகத் தளம் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். வேலைக்கு விண்ணப்பிப்பதற்கே காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள் தேவைப்படும். அப்வொர்க்கின் மணிநேர ஒப்பந்தங்களில் வேலை நேரத்தைப் பதிவு செய்யும் செயலி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும். வெப்சைட் செய்து தருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு நுழைபவர் அங்கே உலகம் முழுவதோடும் விலையில் மோத வேண்டியிருக்கிறது. பழைய டேட்டாபேஸைப் புதிய கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு) மாற்றுவது போல ஒரே ஒரு குறுகலான வேலையில் கை தேர்ந்தவருக்கு அதே தளம் நல்ல வருமானம் தரும். வெளிநாட்டு வருவாய்க்கு, ஜி.எஸ்.டி. தளத்தில் உறுதிமொழிக் கடிதம் (எல்.யு.டி.) தாக்கல் செய்திருந்தால், ஜி.எஸ்.டி. கட்டாமலே பில் போடலாம். பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றைப் பத்திரப்படுத்துவது மட்டும் முக்கியம்.

ஆனால் தளத்தில் ஒருவரின் பெயர் ஒரு மதிப்பெண்ணாகத் தொங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தபோது, எங்கோ டெக்சாஸில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தெரிந்ததெல்லாம் சொன்ன தேதியில் வேலை வரவில்லை என்பதுதான். மண்ணடியில் கடை வைத்திருப்பவருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை, அவர் கடையிலும் முழங்கால் அளவு தண்ணீர்.

மூன்றாவது வழியைப் பற்றி நம் ஊரில் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு ரிப்போர்ட்டைச் சரிசெய்வதும், எக்செல்லில் ஓடும் கணக்கை ஒரு சிறு மென்பொருளாக்கித் தருவதும் பயோடேட்டாவில் எடுப்பாகத் தெரியாது. இருந்தும் வடசென்னையில் இருப்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத சாதகம் இங்கேதான் இருக்கிறது. துறைமுகமும் கஸ்டம்ஸ் ஹவுஸும் ராஜாஜி சாலையில்; அவற்றைச் சுற்றித் தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும், வணிகர்களின் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள்; மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டுகளும் லாரி புக்கிங் ஆபீஸ்களும். சரக்கு வரும்போது உரிய கெடுவுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கு பற்றிச் சுங்கத்துறைக்குத் தரும் அறிக்கை) தாக்கல் செய்யாவிட்டால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்ட நேரிடும் தொழில் இது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) கட்டாயமாகிவிட்டது. சிஸ்டம் நின்றால் பணம் போகும் இடத்தில், அதைச் சரிசெய்பவரிடம் பேரம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

இத்தகைய அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு ஃப்ரீலான்சர்கள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் லேப்டாப்பைத் திறந்து, தான் செய்த ஆப்களைக் காட்டி, எந்த மொழியில் எழுதினார், எந்தக் கிளவுடில் ஓடுகிறது என்று விளக்குகிறார். இரண்டாமவர் அரை நாள் கிளார்க்கின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்: ஒரே கண்டெய்னர் எண்ணை, சுங்கத் தாக்கலுக்கான மென்பொருளில் ஒருமுறை, டாலியில் ஒருமுறை, லாரிக்காரருக்கு அனுப்பும் எக்செல்லில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் அடிக்கிறார் கிளார்க், நடுவில் ஏதோ ஓர் எண் மாறிப்போய், யார்டு வாசலில் லாரி நிற்கிறது. கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் முன்னுள்ளவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே எக்செல்லில் ஒரே ஒரு சூத்திரம் போட்டால், தவறாக அடித்த எண் பெரும்பாலும் அந்த நொடியே சிவப்பாகிவிடும். இந்தச் சிறு வேலைக்கு அன்று கிடைப்பது சொற்பத் தொகைதான். ஆனால் அடுத்த மாதம் பக்கத்து மாடி ஆபீஸிலிருந்து போன் வருவது இரண்டாமவருக்குத்தான். தொழில்நுட்பத்தில் இருவரும் சமமாகவே இருக்கலாம். வாடிக்கையாளரின் தொழில் எங்கே வலிக்கிறது என்று தெரிந்திருப்பதில்தான் வித்தியாசம்.

இந்த வழியின் பலவீனம் வசூல். “தம்பி, சின்ன வேலைதான், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்று முதலாளி சொல்லும் வேலைகள் மாதத்துக்குப் பத்து சேர்ந்தால், அது இலவசமாகப் போன இரண்டு நாள் உழைப்பு. மறுப்பதும் முடியாது, முகத்தைச் சுளிப்பதும் முடியாது. “செஞ்சுடலாம் அண்ணே, வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்க, மாசக் கணக்குல சேத்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே நிலைக்கிறார். அதைவிட உறுதியானது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்: மாதம் இத்தனை மணி நேரம் இந்தத் தொகைக்குள் அடங்கும், மேற்பட்டால் தனிக் கட்டணம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லையென்றால் 15 நாள்களிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் வட்டி உண்டு என்றாலும், நாளை மறுபடி வேலை கேட்கப் போகும் இடத்தின் மீது யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. உண்மையில் பயன்படுவது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி: கெடுவுக்குள் தராத தொகையை, அது கொடுக்கப்படும் ஆண்டில்தான் வாடிக்கையாளர் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுவிட்டால், மார்ச் கடைசியில் வாடிக்கையாளரின் ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவரும், வீட்டுக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்பவரும் ஏஜென்சியில் தொடங்குவதே சரி. அங்கே இருந்தபடியே சனிக்கிழமைகளில் ஓரிரு உள்ளூர் வாடிக்கையாளர்களைப் பிடிக்கலாம், ஒப்பந்தம் அதைத் தடுக்காத பட்சத்தில். குறுகலான தனித்திறமையும் ராத்திரி விழிக்கும் உடம்பும் உள்ளவருக்குத் தளம் ஒத்துவரும். பேசிப் பழகக் கூச்சப்படுபவர், பாக்கியைக் கேட்க நா எழாதவர், நேரடி வழியில் எத்தனை திறமை இருந்தாலும் தேறுவது கடினம். இந்தத் தடைகள் எதுவும் இல்லாத வடசென்னைக்காரர் இரண்டாம் ஆண்டிலாவது நேரடி வழிக்கு வந்துவிட வேண்டும் என்பேன். நான்கைந்து பராமரிப்பு ஒப்பந்தங்கள் சேர்ந்துவிட்டால், ஒரு வாடிக்கையாளர் விலகினாலும் அந்த மாத அடுப்பு எரியும்.