ஊட்டிக் குளிரில் ஓர் ஆயில் ஹீட்டர்: இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு

ஊட்டியின் பழைய பங்களாக்களில் அறைக்கு ஒரு கணப்பும் அதற்கொரு புகைபோக்கியும் இருக்கும். பிற்காலத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளையோ, சமவெளி வீட்டின் வரைபடத்தை அப்படியே மலையேற்றிக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் வாடகைக்கு இருப்பது அப்படியொன்றின் தரைத்தளத்தில்: ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், டைல்ஸ் தரை, கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி, வெயிலே படாத வடக்குச் சுவர். தலைக்குந்தாப் புல்வெளியில் உறைபனி படியும் ஜனவரி இரவுகளில், ஒன்பது மணிக்கு எங்கள் படுக்கையறை வெப்பமானி 11 டிகிரி காட்டும். மதுரையிலிருந்து எங்களோடு இருக்க வந்த மாமியார், கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் முழங்கால் விறைத்துப்போகிறது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். ரூம் ஹீட்டர் தேடி அலைந்தது அதற்குப் பிறகுதான்.

கமர்ஷியல் ரோட்டில் நாங்கள் நுழைந்த கடையில் மூன்று வகைகளை எடுத்து வைத்தார்கள்: சிவந்து எரியும் குழாய்கள் கொண்ட ஹாலோஜன், சூடான காற்றை ஊதும் ஃபேன் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய தகடுகள் கொண்ட ஆயில் ஹீட்டர். கடைசியாகச் சொன்னது ஃபேன் ஹீட்டரைப் போல ஐந்து மடங்கு விலை. “இது ஆக்சிஜனை எடுக்காதுங்க, கரண்டும் அவ்வளவா இழுக்காதுங்க” என்றார் கடைக்காரர். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஹீட்டர் விற்கும் எல்லாக் கடைகளிலும் கேட்கலாம் என்பதால் சற்று நின்று பார்ப்பது நல்லது.

எந்த மின்சார ஹீட்டரும் ஆக்சிஜனை எடுப்பதில்லை; அதில் எதுவும் எரிவதில்லை. தொண்டை வறள்வதற்குக் காரணம் வேறு. 10 டிகிரிக் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தாங்கக்கூடிய ஈரத்தின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உள்ளே இருக்கும் ஈரம் அதே அளவாக இருப்பதால் காற்று உலர்ந்ததாகத் தோன்றுகிறது, இது மூன்று வகைக்கும் பொது. உண்மையில் ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்குவது, மூடிய அறைக்குள் சிலர் கொண்டுபோய் வைக்கும் கரி அடுப்புதான். அதை வைத்துக்கொண்டு உறங்கி எழாமலே போனவர்கள் உண்டு. இரண்டாவது வாக்கியமும் அரைகுறையானது. 2000 வாட் இழுக்கும் ஹீட்டர் எந்த வகையானாலும் 2000 வாட் வெப்பத்தைத்தான் தரும். கூடுதலாகத் தருவது, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹாட் அண்டு கோல்டு ஏசி மட்டுமே. ஆனால் அதற்குச் சுவரைத் துளைக்க வேண்டும், வாடகை வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

விலையைப் பார்த்துத் தயங்கி, முதலில் ஃபேன் ஹீட்டரைத்தான் வாங்கினோம். பத்து நிமிடத்தில் அறை வெதுவெதுப்பானது, நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் பழையபடி குளிர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருக்கும் காற்று சுமார் 40 கன மீட்டர், அதை மட்டும் பத்து டிகிரி உயர்த்த 2000 வாட்டுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. ஆனால் டன் கணக்கில் எடையுள்ள சுவரும் தரையும் 11 டிகிரியிலேயே நின்று, காற்றுக்குக் கிடைத்த சூட்டை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இந்த ஊரில் படுக்கையறைக்குத் தேவை சட்டென்று ஊதும் கருவியன்று, சலிக்காமல் நெடுநேரம் மெல்லச் சூடு தந்துகொண்டிருக்கும் கருவி. இரவெல்லாம் விசிறி இரைந்தால் தூக்கமும் வராது. ஹாலோஜனை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அது எதிரே இருக்கும் முகத்தையும் முழங்காலையும் மட்டும் சூடாக்கும், முதுகு குளிரிலேயே கிடக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது போதும், செலவும் குறைவு. தூங்கும் அறைக்கு அந்த வெளிச்சம் ஆகாது.

அடுத்த மாதமே அதே கடைக்குத் திரும்பிப் போய், 9 தகடுகள் கொண்ட ஆயில் ஹீட்டரை வாங்கி வந்தோம். 800, 1200, 2000 வாட் என்று மூன்று நிலைகள், பதினொரு கிலோ எடை. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை; சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் வேலை, வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் பெயின்ட் வாடை அடித்தது, ஜன்னலைத் திறந்து வைத்து ஓடவிட்டோம். போட்டவுடன் இருபத்தைந்து நிமிடம் எதுவுமே தெரியாது; தகடுகள் விரியும்போது எழும் ‘டக் டக்’ ஒலி மட்டும் கேட்கும். எட்டு மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு வெப்பமானி 16 டிகிரிக்கு வரும். சமவெளிக்காரர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் 11-க்கும் 16-க்கும் உள்ள வேறுபாடு, மாமியார் இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கத் துணிவதற்கும் துணியாததற்கும் உள்ள வேறுபாடு.

சூட்டைப் பார்த்துத் தானே நிறுத்தி ஓட்டும் தெர்மோஸ்டாட்டின் திருகில் டிகிரி குறிக்கப்படவில்லை, 1 முதல் 6 வரை எண்கள்தாம் இருக்கின்றன. முழுவதும் திருப்பி வைத்து, அறை போதிய சூட்டுக்கு வந்ததும் ‘க்ளிக்’ என்று கேட்கும் வரை மெல்லப் பின்னோக்கித் திருப்பி அங்கேயே விட்டுவிட வேண்டும். இதைக் கையேடு சொல்லவில்லை, நாங்களாகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. சாய்ந்தால் தானே நின்றுவிடும் ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. குறை என்றால் சக்கரங்கள்: இரண்டாம் மாதத்திலேயே ஒன்று உடைந்தது, சக்கரத்துக்கு வாரண்டி கிடையாது என்று சேவை மையத்தில் கைவிரித்தார்கள். பதினொரு கிலோவைத் தாங்க வேண்டிய இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக்கைப் பொருத்தியவர்களை என்ன சொல்வது!

இனி வயரிங். 2000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். எங்கள் படுக்கையறையில் இருந்தவை எல்லாம் 6 ஆம்பியர் பிளக் பாயிண்டுகள். ஹாலில் இருந்த பெரிய பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டியதில், நான்காம் இரவு ரப்பர் கருகும் வாடை வந்து எழுந்து பார்த்தால், பாக்ஸின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம். மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைனும் 16 ஆம்பியர் பிளக்கும் போட்டுக்கொண்டோம். ஹீட்டரின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும். மாலை நேர வோல்டேஜையும் கவனியுங்கள்: 230-இலிருந்து 200-க்கு இறங்கினால், 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 1500 வாட்தான் தரும். ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று நாங்கள் சந்தேகப்பட்ட இரண்டு மூன்று மாலைகளில் குற்றவாளி வோல்டேஜ்தான்.

1200 வாட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு ஓட, இரவுக்குச் சராசரியாக 4 யூனிட் ஆனது. இரண்டு மாத பில்லில் 240 யூனிட். எங்கள் வழக்கமான செலவோடு சேர்ந்து 460-ஐத் தொட்டது. அந்தக் கணக்கில் 500-ஐத் தாண்டியிருந்தால் மானிய விலை அடுக்கே மாறி, கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழுந்திருக்கும். ஆகவே பகலில் ஹீட்டர் கிடையாது என்று வீட்டில் சட்டம் போட்டோம். இரண்டாம் குளிர்காலத்தில்தான் கதவுக்கடி இடைவெளியை ஸ்பாஞ்ச் பட்டையால் அடைத்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். அதே 1200 வாட்டில் அறை 18 டிகிரிக்கு வந்தது. ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

எதிர்பாராத பயன் ஜூலையில் கிடைத்தது. மழையில் ஒரு வாரமாகக் காயாத துணிகள், 800 வாட்டில் ஓடும் ஹீட்டருக்கு மூன்றடி தள்ளிக் கொடி கட்டினால் ஒரே இரவில் உலர்ந்துவிடுகின்றன. சுவர் மூலையில் படியும் பூஞ்சையும் குறைந்தது. தகடுகளின் மேலேயே துணியைப் போடக் கூடாது. மாமியார் ஒருநாள் நூல் சேலையை நான்காக மடித்துப் போர்த்திவிட, சூடு வெளியேற வழியின்றி, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் விழுந்து ஹீட்டர் நின்றுவிட்டது. ஆறிய பிறகுதான் மறுபடி ஓடியது.

முதியவர்களோ குழந்தைகளோ தூங்கும் அறைக்கு, ஐஎஸ்ஐ முத்திரையும் சாய்ந்தால் நிற்கும் ஸ்விட்சும் உள்ள 9 தகடு ஆயில் ஹீட்டரைத் தயங்காமல் வாங்கலாம். காலையில் உடை மாற்றும் கால் மணி நேரத்துக்குத்தான் தேவை என்றால் ஃபேன் ஹீட்டரே போதும். எங்களுடையது இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது. சீசன் முடிந்து ஆயில் ஹீட்டரை எடுத்து வைக்கும்போது நிற்க வைத்தே வையுங்கள். படுக்க வைத்து எடுத்துவர நேர்ந்தால், நிமிர்த்தி ஒரு மணி நேரம் விட்டு, எண்ணெய் முழுவதும் கீழே இறங்கிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.