கறியை விடுவதா, காயைக் கூட்டுவதா, மாத்திரை போடுவதா?

மனசு சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொன்னால் போதும், நம் வீடுகளில் ஒருவர் "கறியை விட்டுப் பாரு, மனசு லேசாகும்" என்பார். இன்னொருவர் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கச் சொல்வார். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கறி, மீனை விட வேண்டாம். காய், கீரை, பயறு, பழத்தைத் தட்டில் கூட்டினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிஸ் ஜாக்காவின் குழு 2017-ல் வெளியிட்ட 'ஸ்மைல்ஸ்' ஆய்வுதான் முக்கியக் காரணம். மனச்சோர்வு நோய் இருந்த 67 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரம் மத்தியதரைக்கடல் பாணிச் சாப்பாடு, உணவு நிபுணரின் ஆலோசனையோடு. மறுபாதிக்குச் சாப்பாட்டில் மாற்றமில்லை, பேச்சுத்துணை மட்டும். கடைசியில் சாப்பாட்டை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. பேச்சுத்துணை பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான்.

அவர்களுக்குக் கொடுத்த பட்டியலைப் பார்த்தால் காய், பழம், முழுதானியம், பயறு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் தாராளம். கூடவே வாரம் 3, 4 முறை கொழுப்பில்லாத ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வகை. குறைந்தது 2 முறை மீன். குறைக்கச் சொன்னது இனிப்பு, பொரித்த பண்டம், மைதா, கூல்டிரிங்ஸ் ஆகியவற்றை. அதாவது சைவம் வேறு, காய்கறி நிறைந்த சாப்பாடு வேறு.

குறையும் உண்டு. 67 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. தாங்கள் எந்தக் குழு என்பது அவர்களுக்கே தெரியும். எல்லோருமே முன்பு மோசமாகச் சாப்பிட்டவர்கள், பெரும்பாலோர் மருந்தோ மனநல சிகிச்சையோ கூடவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் கீரைக்கட்டோடு உட்காருவதற்கு இது ஆதாரமில்லை.

சரி, சைவத்துக்கு வருவோம். இங்கே ஆய்வுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்க அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடம் சைவக்காரர்களின் மனநிலை கொஞ்சம் மேலாக இருந்தது. பிரேசிலில் இறைச்சி தொடாதவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது. ஒரு சமயத்தில் கேட்டு எழுதிய கணக்குகள் இவை. எது முன்னால் வந்தது, சோர்வா சைவமா என்று இவற்றால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: வைட்டமின் பி12 செடிகொடியில் கிடைக்காது. அது குறைந்தால் களைப்பு, மறதி, மனத்தளர்ச்சி வரலாம். பால், தயிர் ஓரளவு ஈடுகட்டும். அவற்றையும் விடுகிறவர்களுக்கு பி12 மாத்திரை அவசியம்.

நம் ஊர்ச் சைவத் தட்டில் இன்னொரு சங்கதி. ஒருநாள் எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டைச் சமையல் தராசில் வைத்தேன். சாதம் கிட்டத்தட்ட 350 கிராம், பீன்ஸ் பொரியல் 50 கிராம். சாம்பாரில் முருங்கைக்காய் இரண்டு துண்டு. காயும் பழமுமாக நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைமுறை தலைமுறையாகச் சைவம்தான் நாங்கள். ஆனால் தட்டில் இருந்தது அரிசி.

மாத்திரையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உடல் எடை கூடிய, லேசான சோர்வு அறிகுறிகள் கொண்ட ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஐரோப்பாவில் நடந்த 'மூட்ஃபுட்' சோதனை 2019-ல் வெளியானது. ஒமேகா-3, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, செலினியம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் மனச்சோர்வு வராமல் தடுக்க முடியவில்லை. குறைபாடு இருப்பவருக்கு மாத்திரை வேறு கதை. காய், பயறில் உள்ள நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைத்து உண்டாக்கும் அமிலங்கள் உடல் அழற்சியைத் தணிக்கலாம், அது மூளைக்கும் எட்டலாம் என்பது இன்றைய கணிப்பு. அந்த நார்ச்சத்து கேப்சூலில் எங்கே இருக்கிறது?

தராசு பார்த்த பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாற்றம்தான். சாதக் கரண்டி பொரியலுக்கும், பொரியல் கரண்டி சாதத்துக்கும் போய்விட்டன. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "இதென்ன, பொரியலுக்குச் சாதத்தைத் தொட்டுக்கணுமா?" என்கிறார்.