சைலன்சர் வெடிச் சத்தத்துக்கு 48,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், தயவுசெய்து படியுங்கள்

இன்று மதியம்தான் மெக்கானிக் ஷெட்டில் இருந்து வந்தேன். வயிறு எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் வண்டி 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 227 பிஎச்பி. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சர் படபடவென்று வெடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கோவையில் ரீமேப் செய்யும், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். தினமும் ரீல்ஸ் போடுகிற கடை.

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா, வெறும் சாஃப்ட்வேர்தான்" என்றான் அந்தப் பையன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "உங்க ஒரிஜினல் ஃபைல், பாருங்க, சேவ் பண்ணியாச்சு. புடிக்கலைன்னா பத்தே நிமிசத்துல பழையபடி ஏத்தித் தர்றேன்." அந்த ஒரு வார்த்தையைத்தான் நம்பினேன். நின்ற இடத்திலேயே 48,000 ரூபாய் அனுப்பினேன். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றான். இன்றுவரை வரவில்லை.

மூன்றாவது வாரம் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனில் பி0420 என்ற கோட், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். "சென்சார் கோளாறுங்ணா, கண்டுக்காதீங்க" என்றான் கடைப் பையன். அப்புறம் பிக்கப் செத்தது, அடியில் கலகலவென்று சத்தம். போன் செய்தால், பெட்ரோல் சரியில்லை என்றான். அடுத்த முறை, டியூன் போட்டவர் பெங்களூரில் இருக்கிறார் என்றான். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

இன்று என் மெக்கானிக் அண்ணன் டவுன்பைப்பை (டர்போவில் இருந்து புகை வெளியே போகும் குழாய்) கழற்றி, தரையில் பேப்பர் விரித்துத் தட்டினார். சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக விழுந்தது, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஓட்டையெல்லாம் அடைத்து மெழுகு மாதிரி உருகிப் போயிருந்தது.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். காலை எடுத்ததும் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், கம்பெனி அமைப்பு அதுதான். இந்த டியூனில் அதை நிறுத்தவிடாமல் செய்து, ஸ்பார்க்கையும் தாமதமாக்குகிறார்கள். சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வெளியே குழாயில் போய் எரிகிறது. நாம் ரசிக்கிற சத்தம் அதுதான். அந்தச் சூட்டை வாங்குவது டர்போவும், அதை ஒட்டியே இருக்கும் கன்வெர்ட்டரும். "வெறும் சாஃப்ட்வேர்" என்றானே!

நேரே கடைக்குப் போய் ஒரிஜினல் ஃபைலையாவது ஏற்றித் தா என்றேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம். பணத்தைக் கேட்டதற்கு, "போலீசுக்குப் போனா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல உங்களுக்குத்தான் 10,000 ரூபாய் ஃபைன், லைசென்சும் மூணு மாசம் போயிரும்" என்கிறான். 48,000 ரூபாயை வாங்கும்போது இந்தச் சட்டம் அவனுக்குத் தெரியாதா?

48,000 போனது போனதுதான். புது கன்வெர்ட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகுமாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஒரிஜினல் ஃபைலை உங்கள் பென் டிரைவில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். இன்ஜின் லைட் எரிந்தால் அதே கடைக்காரன் பேச்சைக் கேட்காமல் அன்றைக்கே வேறு இடத்தில் காட்டுங்கள். நான் ஐந்து வாரம் ஓட்டிவிட்டேன்.